ஏறி வரும் ஆறு

ஆத்தூர் என்னும் பெயரைத் திருத்தமாக எழுதினால் ஆற்றூர் என்றாகும். ஆற்றையே பெயராகச் சூடிக்கொண்ட ஊர் எங்களுடையது. எனினும் இவ்வூரில் பிறந்து வளர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து ஓய்வுபெற்ற எனக்கு, எங்கள் வசிஷ்ட நதியில் ஒரு படகைக் கண்ட நினைவு இல்லை. மழைக்காலத்தில் சில நாட்கள் செந்நீர் சீறிக்கொண்டு போகும். அந்நாட்களில் யாரும் ஆற்றில் இறங்கமாட்டார்கள். மற்ற நாட்களில் வண்டிமாடுகள் நடந்தே கடந்துவிடும். இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவே ஓடத்துக்கு ஏது இடம்?

படகு என்றதும் சேலத்தாரின் நினைவுக்கு வருவது ஏற்காட்டு ஏரியின் மிதிபடகு. இல்லையேல் பூலாம்பட்டியில் காவிரியைக் கடக்கும் விசைப்படகு. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள முட்டல் ஏரியிலும் வனத்துறையார் படகு விட்டிருக்கின்றனர். பேரப்பிள்ளைகளோடு ஒருமுறை அதில் சென்று வந்தேன். குழந்தைகளுக்கு அது பெருமகிழ்ச்சி. எனக்கென்னவோ ஏரிப் படகில் மனம் ஒன்றவில்லை. ஏரி நீர் எங்கும் போவதில்லை. படகும் புறப்பட்ட படிக்கட்டுக்கே வந்து சேர்கிறது.

ஆறு அப்படியன்று. அது ஓரிடத்துக்குப் போகிறது. “நம் ஊர் ஆறு எங்கே போகிறது?” என்று வகுப்பில் கேட்டால், “கடலுக்கு” என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். “எந்த ஊரில் கடலைச் சேர்கிறது?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை, பெரியவர்களும் அறியார்.

அருநூற்றுமலைப் பக்கம் பிறந்து, புழுதிக்குட்டையில் ஆணைமடுவு அணையில் சற்றே தங்கி, பேளூர், ஏத்தாப்பூர், பெத்தநாயக்கன்பாளையம் வழியாக ஆத்தூரை அடைகிறது வசிஷ்ட நதி. தலைவாசலைக் கடந்து கிழக்கே செல்லும்போது, கெங்கவல்லி, வீரகனூர்ப் பக்கமாக வரும் சுவேத நதி அதனுடன் கலக்கிறது. அதன்பின் இரண்டுக்கும் பழைய பெயர் இல்லை. வெள்ளாறு என்ற ஒரே பெயர்தான். புதுக்கோட்டைச் சீமையிலும் ஒரு வெள்ளாறு உண்டு, அது வேறு. நம் வெள்ளாறு தொழுதூரில் தன் நீரில் ஒரு பங்கை வெலிங்டன் ஏரிக்குக் கொடுக்கிறது; பெலாந்துறையிலும் சேத்தியாத்தோப்பிலும் அணைக்கட்டுகளில் வயல்களுக்குக் கொடுக்கிறது; இடையே விருத்தாசலத்திலிருந்து வரும் மணிமுத்தாற்றைக் கூடலையாற்றூரில் பெற்றுக்கொள்கிறது; புவனகிரியைத் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலை அடைகிறது. சாலைவழியே சென்றால் ஆத்தூரிலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். ஓர் ஆறு ஐந்தாறு ஊர்களுக்குச் சோறிட்டுவிட்டுக் கடைசியில் கடலுக்கு என்ன கொண்டுபோகும் என்று நான் பல நாள் எண்ணியதுண்டு.

எண்ணுவதற்குக் காரணமும் இருந்தது. என் தாயார் இந்த ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் முகந்து முகந்து குடம் நிரப்பியதைக் கண்டவன் நான். முதலில் கலங்கலாக வரும் நீரை இறைத்துவிட்டுக் காத்திருந்தால், பளிங்குபோல் ஊறும். அந்த மணலும் இன்று இல்லை, ஊற்றும் இல்லை. 2018ஆம் ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டபோது, தமிழ்நாட்டின் ஆறு ஆறுகள் அதில் இடம்பெற்றன. காவிரி, பவானி, தாமிரபரணி போன்ற பேராறுகளின் வரிசையில் எங்கள் சிற்றாற்றுக்கும் ஓர் இடம் கிடைத்தது: மணிவிழுந்தான் முதல் தியாகனூர் வரை. குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசியாக்கும் சேகோ ஆலைகள் இவ்வட்டாரத்தின் பிழைப்பு. வானம் பார்த்த நிலத்துக் குடியானவன் கையில் ரொக்கத்தைக் காட்டிய பயிர் அந்தக் கிழங்கு. ஆயினும் அதைக் கழுவி மாவெடுக்கத் தண்ணீர் ஏராளமாகச் செலவாகிறது. சரிவரச் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் புளித்த வாடையோடு ஓடைகளில் இறங்குகிறது. ஆலைகளை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. நகரத்துச் சாக்கடைகளும் அங்கேதான் போய் முடிகின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடப்பவருள், தம் வீட்டுக் குளியலறை நீர் எங்கே போகிறது என்று கேட்டவர் எத்தனை பேர்?

மூத்த மகள் சிதம்பரத்தில் குடியிருக்கிறாள். சென்ற மாசி மாதம் அவள் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தபோது, என் நீண்டநாள் ஆசையை மருமகனிடம் சொன்னேன். “பிச்சாவரம் போகலாமே மாமா, அங்கே சுற்றுலாத் துறைப் படகு இருக்கிறதே” என்றார். பிச்சாவரம் சுரபுன்னைக் காடு சிறப்புடையதுதான். 2022இல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் நான் காண விரும்பியது காட்டையன்று, எங்கள் ஆற்றின் கடைசிக் கட்டத்தை. பரங்கிப்பேட்டையில் தமக்குத் தெரிந்த மீனவர் ஒருவரிடம் மருமகன் சொல்லிவைத்தார். மாசி மகத்துக்கு மூன்றாம் நாள் காலை, ஆறரை மணிக்கெல்லாம் ஆற்றங்கரையில் நின்றோம். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவதும், வழியில் இஸ்லாமியப் பெருமக்கள் மரியாதை செய்து வரவேற்பதும் அப்பகுதியில் பெயர்பெற்ற வழக்கம். திருவிழாக் கூட்டம் கலைந்து கரை ஓய்ந்து கிடந்தது.

தோணிக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். விசைப் பொறி ஏதுமில்லாத சிறிய தோணி; ஒரு துடுப்பு, ஒரு நீண்ட மூங்கில் கோல். நான் கிழக்கு முகமாக உட்கார்ந்தேன், கடலைப் பார்க்கும் ஆவலில். அவரோ தோணியை மேற்கே திருப்பினார்.

“கடல் அந்தப் பக்கம் அல்லவா, தம்பி?”

“மொதல்ல ஆத்தோட போவோங்க ஐயா. தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. அது கூடவே போனா கை நோவாது. பத்து மணிக்கு மேல அது திரும்பும், நாமளும் திரும்புவோம்.”

நீரைப் பார்த்தேன். காய்ந்த தென்னம்பாளை ஒன்று எங்களோடு சேர்ந்து மேற்கு நோக்கி மிதந்துகொண்டிருந்தது. காற்று அடிக்கவில்லை. துடுப்பும் மடியில் கிடந்தது. தோணி தானாகப் போயிற்று. அறுபதாண்டுக்கு மேல் ஆற்றங்கரையில் வாழ்ந்தவன், ஆறு ஏறுவதை அன்றுதான் கண்டேன். அது ஏறும் விதமும் நான் எண்ணியதுபோல் இல்லை. அலை இல்லை, இரைச்சல் இல்லை. கரையோரச் சேற்றில் நண்டுகள் துளை வாசலில் நின்றுகொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு துளையாக நீர் மூடிக்கொண்டு வந்தது. கரையில் நட்டிருந்த கம்புகளில் சிப்பி ஒட்டிய வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. நீர் அந்தக் கோட்டை நோக்கி விரல் விரலாக உயர்ந்தது. மார்பளவு நீரில் நின்று, அடிச்சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர் சிலர், இருளர் குடியினர். வலை இல்லை, தூண்டில் இல்லை. கழுத்தில் தொங்கும் பறியும் பத்து விரல்களுமே அவர்களுடைய கருவி. எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நீர் இன்னும் உயர்ந்துவிட்டால் அவர்களுடைய வேலை நேரம் முடிந்துவிடும்.

ரயில் பாலத்தை அடைந்தபோது மேலே ஒரு வண்டி கடந்தது. தூண்களின் மேற்குப் புறத்தில் சிறு சுழிகள் தோன்றியிருந்தன. எங்கள் ஊர்ப் பாலத்தில் வெள்ளக் காலத்துச் சுழிகள் தூணின் கீழ்ப்புறத்தில், கிழக்கே, எழும். இங்கே எல்லாம் இடம் மாறியிருந்தது. அப்போதுதான் ஓர் எண்ணம் வந்தது. இந்தத் தோணி போய்க்கொண்டிருப்பது ஆத்தூரை நோக்கி. கடல் என்னை ஊருக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது!

இவ்வேற்றத்துக்கு ஓதம் என்று பழந்தமிழில் பெயர். எங்கள் ஊரில் ஓதம் என்றால் மழைக்காலத்தில் சுவரில் கசியும் ஈரம்; கடலைக் காணாத ஊரில் சொல்லும் அவ்வளவுக்குச் சுருங்கிவிட்டது. நிலவும் ஞாயிறும் கடல்நீரை இழுப்பதால் நாளுக்கு இருமுறை நீர் ஏறி, இருமுறை வடிகிறது. முழுநிலவு, மறைநிலவு நாட்களில் இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் மிகுதி. அந்நாட்களை உவா என்றனர் முன்னோர். ஒவ்வொரு நாளும் ஏற்றம் முந்திய நாளைவிட ஐம்பது நிமிடம் போலப் பிந்தும். தோணிக்காரர் இதைத் திதிக்கு இரண்டு நாழிகை என்று கணக்கு வைத்திருக்கிறார். இரண்டு நாழிகை என்றால் நாற்பத்தெட்டு நிமிடம். புத்தகக் கணக்குக்கும் அவர் கணக்குக்கும் இரண்டு நிமிடமே வேறுபாடு. வடகரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. இந்த நீரின் உப்பையும் உயிர்களையும் பல்லாண்டுகளாக அங்கே அளந்து வருகின்றனர். தோணிக்காரருடைய அளவுகோல் அந்தச் சிப்பிக் கோடு.

நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிதன்று. உவா நாட்களிலும் ஒரு மீட்டர் அளவுதான். இங்கிலாந்தில் செவர்ன் என்றோர் ஆறு உண்டு. அது கலக்கும் பிரிஸ்டல் கால்வாயில் கடல் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும். பெரிய உவா நாட்களில் அங்கே ஓதம் ஒரே அலையாகத் திரண்டு, நாட்டுப்புறத்து வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் இடையே ஆற்றில் மேலேறி ஓடும். மக்கள் கரையில் கூடி நின்று பார்ப்பார்களாம். அந்நாட்டில் இத்தகைய ஆறுகளில் படகு விடுவோர் ஓத அட்டவணையை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்வர். நேரம் தப்பினால் படகு சேற்றில் சாய்ந்து கிடக்கும், அடுத்த ஏற்றம் வரை பொறுத்திருக்க வேண்டும். நம் கல்கத்தாவின் ஹூக்ளியிலும் அத்தகைய அலை உண்டு. வெள்ளாற்றில் அந்த ஆரவாரம் ஏதுமில்லை. எனினும் முகத்துவாரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் இந்த ஓசையற்ற ஏற்றம் உள்ளே சென்று வருகிறது. கடலலை ஆற்றில் புகுந்தது என்றதும் பலருக்கு 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வரும். தோணிக்காரரிடம் அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, “அன்னிக்கு ஏறினது வேறங்க” என்று மட்டும் சொல்லிக் கோலை ஊன்றினார்.

கையை நீரில் விட்டு நாவில் வைத்துப் பார்த்தேன். நல்ல உப்பு. எங்கள் ஆற்றின் சுவை கொஞ்சமும் இல்லை. நல்லவேளை என்று எண்ணிக்கொண்டேன். பிறகு அந்த நிம்மதி எனக்கே உறுத்தியது. “எந்த ஊருங்க ஐயாவுக்கு?” என்று அவர் கேட்டது அப்போதுதான்.

“ஆத்தூர். சேலம் ஆத்தூர். இந்த ஆறு எங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது.”

அவர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் ஊர்க் கழிவைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் மனத்தில் விடை தேடிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

“உங்க ஊர்ல எப்பங்க தண்ணி விடுவாங்க?”

எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு இவ்வளவு நீர் இருக்கிறதே என்றேன். அவர் சிரித்தார். இது கடலோட தண்ணி, வரும், போகும். மேல்தண்ணி வந்தால்தான் ஆறு என்றார். பிறகு விளக்கிச் சொன்னார். அவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன்.

கடல் தன் அலைகளால் கரையோரமாக ஓயாமல் மணலை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. ஆற்றின் வாயில் அந்த மணல் மேடிட்டு வளரும். ஓதம் ஏறும்போதும் மணலைக் கொண்டுவருகிறது. வடியும்போது கொஞ்சம் எடுத்துச் செல்கிறது. ஆனால் வாயை அகலத் திறந்துவைப்பது ஐப்பசி, கார்த்திகையில் மேற்கிலிருந்து வரும் வெள்ளம். அது வரும் நாட்களில் ஏற்றம்கூட ஆற்றைத் திருப்பமுடியாது. செந்நீர் கடலுக்குள் வெகுதூரம் போகும். நன்னீர் இலேசானது, உப்புநீரின் மேலே ஏடுபோல் படர்ந்து செல்லும். அந்த வெள்ளம் மணல்மேட்டை அறுத்துக் கடலுக்குள் தள்ளிவிடும். வெள்ளம் நலிந்த ஆண்டுகளில் மணல் வெல்கிறது. முகத்துவாரம் குறுகித் தூர்ந்து, மீன்பிடிக்கச் செல்லும் படகு தரைதட்டுகிறது. அலையில் குறுக்கே திரும்பினால் கவிழ்ந்தும் போகும். ஏற்றம் வரும்வரை வெளியே காத்து நின்று, பிடித்த மீன் வாடிப்போகக் கரை சேர்வதும் உண்டு. இயந்திரம் வைத்துத் தூர்வாருகிறார்கள். “மெஷின் ஒரு மாசம் வாருறத ஆறு ரெண்டு நாள்ல வாரிடுங்க ஐயா.”

இறாலுக்கும் அப்படித்தான். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் ஓதத்தோடு ஏறிக் கழிமுகத்துக்கு வந்து வளர்ந்து, பின் கடலுக்குத் திரும்புகின்றன. அவை வளர்வது உப்பும் நன்னீரும் கலந்த இடத்தில். கலப்பதற்கு இரண்டும் வேண்டுமே!

எங்கள் ஊரில் ஆற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அது எங்களுக்கு என்ன தருகிறது, அதில் நாங்கள் என்ன கொட்டுகிறோம் என்ற இரண்டைத்தான் பேசியிருக்கிறோம். கடலுக்குப் போகும் நீர் வீண் என்பது நம் மேடைகளில் தேய்ந்துபோன வாக்கியம். நானும் அதைத் தேர்வுத்தாள்களில் திருத்தி மதிப்பெண் போட்டிருக்கிறேன். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால், அந்த வீண் நீருக்காக ஒருவர் ஆண்டுதோறும் மேற்கே பார்த்துக் காத்திருக்கிறார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் அவருக்கு உண்மையைச் சொன்னேன். புழுதிக்குட்டையில் 67 அடி அணை ஒன்று இருக்கிறது. அது நிறைந்தால்தான் எங்களுக்கே நீர். எங்களைக் கடந்தபின் தொழுதூர், பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு என மூன்று இடங்களில் மறித்து எடுத்துக்கொள்வார்கள். அதுவும் உழவர்களுக்குத்தான். இவ்வளவையும் தாண்டி எஞ்சுவதே உங்களுக்கு வரும். அதிலும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஓட்டம் எவ்வளவு, மணிமுத்தாற்றினது எவ்வளவு, வீராணத்து உபரி எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “சேத்தியாத்தோப்பு எனக்குத் தெரியுங்க. அதுக்கு மேல இவ்வளவு ஊர் இருக்குறது தெரியாது” என்றார். எங்கள் வகுப்பறையின் மறுபாதி இது என்று எனக்குத் தோன்றியது. அங்கே ஆற்றின் முடிவு தெரியாது. இங்கே தொடக்கம் தெரியாது.

பரங்கிப்பேட்டைக்கும் சேலத்துக்கும் உறவே இருந்ததில்லை என்று எண்ணிவிடக்கூடாது. கும்பினியின் அதிகாரியாகச் சேலம் பக்கம் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830இல் இங்கே ஓர் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்து மலைகளிலிருந்து வந்தது. உருக்க வேண்டிய கரிக்குக் காடுகளை வெட்டினர். இந்நாட்டில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கிய முதல் முயற்சிகளில் ஒன்று அது. நட்டத்தின்மேல் நட்டம் கண்டு அந்நூற்றாண்டிலேயே மூடப்பட்டது. மலையின் கல்லை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்க்க முடிந்திருக்கிறது. தண்ணீர் தானாக வரக்கூடியது. அதற்குத்தான் வழி கிடைக்கவில்லை. இதைத் தோணிக்காரரிடம் சொன்னேன். இரும்பைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. “எல்லாம் கெடக்குதுங்க, மழை எப்படி இந்த வருசம்?” என்றார்.

பேசிக்கொண்டே நெடுந்தூரம் வந்துவிட்டோம். வெயில் ஏறியிருந்தது. திடீரென்று தோணி நின்றது. அவர் நிறுத்தவில்லை, நீர் நின்றுவிட்டது. தென்னம்பாளை எங்களுக்குச் சற்றுத் தொலைவில் அசையாமல் கிடந்தது. சிப்பிக் கோடு முழுவதும் மூழ்கியிருந்தது. மீன்கொத்தி ஒன்று கம்பின்மேல் வந்து அமர்ந்தது. கால்மணி நேரம் எதுவும் எங்கும் போகவில்லை. அவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, “சாப்பிடுங்க ஐயா” என்று இட்லியை நீட்டினார். ஆளுக்கு இரண்டு தின்றோம். கை கழுவ நீரில் விரல்களை விட்டபோது, விரல்களின் இடுக்கில் ஓர் இழுப்பு தெரிந்தது, கிழக்கு நோக்கி, மிக மெல்ல. “ஆங், திரும்பிடுச்சு” என்று எழுந்து கோலை எடுத்தார்.

திரும்பும் வழியில் முகத்துவாரத்தின் அருகே வரை கொண்டுபோய்க் காட்டினார். அன்னங்கோயில் பக்கம் மீன்பிடி படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. வெண்மணல் மேடு ஒன்று தெற்கிலிருந்து நாக்குப்போல் நீண்டு வந்திருந்தது. அதற்கு அப்பால் அலைகள் உடையும் நுரை. இடையே இருந்த வழியைக் கையால் அளந்து காட்டி, இரண்டு படகு ஒருசேரப் போகமுடியாது என்றார். மணல்மேட்டில் ஆலாக் குருவிகள் கூட்டமாக அமர்ந்திருந்தன. அழகான காட்சிதான். படம் எடுக்கலாம் என்று மருமகன் கைப்பேசியை நீட்டினார். எனக்கு மனம் வரவில்லை.

கரையில் இறங்கியபோது கூலியை எண்ணிப் பாராமல் மடியில் செருகிக்கொண்டு, அவர் ஒரு வேண்டுகோள் வைத்தார். “வாத்தியாரையா, ஐப்பசியில உங்க ஊர்ப் பாலத்த முட்டிக்கிட்டுத் தண்ணி போச்சுன்னா ஒரு போன் போடுங்க. அது சேத்தியாத்தோப்புக்கு வர்றதுக்குள்ள நாங்க வலையெல்லாம் எடுத்துக்கட்டிடுவோம்.” எண்ணைச் சொன்னார், மருமகன் குறித்துக்கொண்டார்.

அந்த எண் இப்போது எங்கள் வீட்டு நாட்காட்டி அட்டையின் ஓரத்தில் இருக்கிறது, எரிவாயு உருளைக்காரர் எண்ணுக்கும் மின்வாரியத்து எண்ணுக்கும் கீழே. இது யாருடைய எண் என்று என் துணைவியார் கேட்டார். வெள்ளாற்றுக்காரர் என்றேன். ஆவணி பாதி கடந்துவிட்டது. அருநூற்றுமலைப் பக்கம் மாலையில் இடி கேட்கிறது. ஆணைமடுவின் நீர்மட்டம் எத்தனை அடி என்று நாளிதழில் நாள்தோறும் பார்க்கிறேன்.